ஓராண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார்?

அறுவை சிகிச்சை முடிகிறது. சில நாள்களில் தையல் பிரிக்கப்படுகிறது. நோயாளி கட்டணத்தைச் செலுத்திவிட்டு வீடு திரும்புகிறார். ஓராண்டு கழித்து அவர் நலமாக இருக்கிறாரா, பழைய வலி திரும்பிவிட்டதா, உயிருடன்தான் இருக்கிறாரா? இவை எல்லாம் சிகிச்சை அளித்த மருத்துவருக்குத் தெரியுமா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பெரும்பாலான மருத்துவமனைகளில் இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததை யாரும் பெரிய குறையாகவும் நினைக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் மட்டும் அதை ஏற்க மறுத்தார். எர்னஸ்ட் ஏமரி காட்மன் என்பது அவர் பெயர். எலும்பு, தோள்மூட்டு பற்றிப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சந்திக்காமல் தேர்வு எழுத முடியாது.

காட்மன் 1869ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி பாஸ்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1895ல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் அவருக்குத் தீராத ஆசை. வேட்டைக்குப் போனால் எத்தனை தோட்டாக்கள் செலவாயின, எத்தனை பறவைகள் விழுந்தன என்று குறித்து வைப்பார். குறி தவறிய தோட்டாவும் கணக்கில் சேரும். இந்தப் பழக்கத்தை அவர் அறுவைக் கூடத்திற்கும் கொண்டு சென்றார் என்று சொன்னால், அவர் வாழ்க்கையில் பாதியைச் சொன்னதாகிவிடும்.

அந்தக் காலத்தில் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்கமூட்டும் வேலையை மருத்துவ மாணவர்களிடமே விட்டுவிடுவார்கள். பயிற்சி என்று எதுவும் பெரிதாக இல்லை. காட்மனின் வகுப்புத் தோழர் ஹார்வி குஷிங். பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற அதே குஷிங்தான். மாணவராக இருந்தபோது அவர் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி அறுவை மேசையிலேயே இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்குக் குஷிங் மனம் உடைந்தார்.

யார் மயக்க மருந்தை நன்றாகக் கொடுக்கிறார் என்று நண்பர்கள் இருவரும் பந்தயம் கட்டிக்கொண்டனர். தோற்பவர் இரவு விருந்து கொடுக்க வேண்டும். ஆனால், யார் வென்றார் என்று எப்படி முடிவு செய்வது? அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் நாடித்துடிப்பு ஏறி இறங்குவதை அவர்கள் நிமிடக் கணக்கில் தாளில் குறிக்கத் தொடங்கினர். 1894ல் காட்மன் வரைந்த அந்த அட்டவணை, மயக்க மருந்துப் பதிவேடுகளில் மிகப் பழமையான ஒன்று. இன்று எந்த அறுவைக் கூடத்திலும் இத்தகைய பதிவு இல்லாமல் கத்தி எடுக்கமாட்டார்கள்.

எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட செய்தி பரவியதும் காட்மன் அதிலும் இறங்கினார். 1899ல் பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் முதல் எக்ஸ்ரே நிபுணரானார். பிறகு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றியபடி ஹார்வர்டில் பாடம் நடத்தினார். தோள்மூட்டுத் தசைநார் கிழிவதைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் அந்தத் துறையின் அடித்தளமாகின. தோள் வலிக்காகப் பிசியோதெரபிக்குச் சென்று, குனிந்து நின்று கையைக் கடிகார ஊசல் போல ஆட்டச் சொல்லப்பட்டவர்கள் காட்மன் பயிற்சியைத்தான் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால், வெற்றி பெற்ற ஒரு மருத்துவராக அமைதியாக ஓய்வு பெற்றிருப்பார்.

ஓர் அட்டையும் ஒரு கேள்வியும்

1900ஆம் ஆண்டையொட்டி அவர் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியது. இறுதி விளைவு என்று அதற்குப் பெயர் வைத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறிய அட்டை. என்ன தொல்லையுடன் வந்தார், மருத்துவர் என்ன நோய் என்று கருதினார், என்ன செய்தார், சிக்கல் ஏதும் ஏற்பட்டதா, வீடு திரும்பும்போது நிலை என்ன என்பவை அதில் இருக்கும். கடைசி இடம் காலியாக இருக்கும். ஓராண்டு கழித்து நோயாளியைத் தேடிப் பிடித்து அதை நிரப்ப வேண்டும். சிகிச்சை பலித்ததா? பலிக்கவில்லை என்றால் ஏன்?

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஒரு கடைக்காரர்கூட ஆண்டு முடிவில் லாப நட்டக் கணக்குப் பார்க்கிறார். ஆனால், அன்றைய மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகளில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எவ்வளவு செலவானது என்பவையே இருந்தன. எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்பது இல்லை. அதைக் கணக்கெடுத்தால் எந்த மருத்துவர் திறமையானவர், யார் கையில் நோயாளிகள் அதிகம் இறக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும்.

காட்மன் பணியாற்றிய மருத்துவமனையில் பதவி உயர்வு மூப்பு அடிப்படையில்தான் கிடைத்தது. யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் தலைவராவார். விளைவைப் பார்த்தே பதவி தர வேண்டும் என்றார் காட்மன். மூத்தவர்கள் முகம் சுளித்தனர்.

சொல்வதைச் செய்து காட்டலாம் என்று 1911ல் பாஸ்டனின் பிங்க்னி தெருவில் சொந்தமாக ஒரு சிறிய மருத்துவமனையைத் திறந்தார். 1916 வரை அங்கிருந்து 337 நோயாளிகள் சிகிச்சை பெற்று வீடு திரும்பினர். அவர்களது சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளைக் காட்மன் பதிவு செய்தார். அறிவுக் குறைவால் வந்த பிழை, திறமைக் குறைவால் வந்த பிழை, தவறான முடிவால் வந்தது, நோயைச் சரியாகக் கண்டறியாததால் வந்தது என்று அவற்றை வகை பிரித்தார். பித்தப்பை அறுவை சிகிச்சை ஒன்றில் அவர் தவறான குழாயைக் கட்டிவிட்டார், நோயாளி இறந்தார். அது தம்முடைய மோசமான கைத்தவறு என்றும், தவறு செய்ததைக்கூட அந்த நேரத்தில் தாம் உணரவில்லை என்றும் அவரே எழுதி வைத்தார்.

எழுதி அலமாரியில் பூட்டவில்லை. சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டு நாட்டின் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். மற்றவர்களும் இப்படி வெளியிடட்டும், ஒப்பிட்டுப் பார்ப்போம் என்பது அவர் எண்ணம். யாரும் வெளியிடவில்லை.

தலையை மணலில் புதைத்த தீக்கோழி

1914ல் மூப்பு முறையை எதிர்த்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதவி விலகினார். விலகிய கையோடு, தம் சிகிச்சை விளைவுகள் மற்றவர்களுடையதைவிடச் சிறந்தவை, ஆகவே தம்மைத் தலைமை அறுவை சிகிச்சை மருத்துவராக நியமிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார். கேலி என்று நினைத்திருப்பார்கள். அவர் கேட்டதோ உண்மையாகத்தான். இல்லை என்று மறுக்க வேண்டுமானால் மற்றவர்களின் விளைவுகளைக் காட்ட வேண்டும் அல்லவா? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்து அவர் செய்ததை இன்றுவரை பாஸ்டன் மறக்கவில்லை. 1915 ஜனவரி 6ஆம் தேதி, மருத்துவமனைகளின் செயல்திறன் பற்றி உள்ளூர் மருத்துவச் சங்கத்தில் ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்தார். நகர மேயரும் அழைக்கப்பட்டிருந்தார். கூட்டத்தின் முடிவில், ஏறத்தாழ எட்டடி நீளக் கேலிச்சித்திரம் ஒன்றைக் காட்மன் விரித்துக் காட்டினார். அதில் ஒரு தீக்கோழி. பாஸ்டனின் பணக்கார மக்களே அந்தத் தீக்கோழி. தலையை மணலில் புதைத்துக்கொண்டு பொன்முட்டை இடுகிறது. முட்டைகள் பின்பக்கமாக ஹார்வர்ட் பேராசிரியர்களிடம் உருண்டு போகின்றன. தலையைத் தூக்கி உண்மையைப் பார்த்துவிட்டால் இந்தப் பறவை தொடர்ந்து முட்டை இடுமா என்று பல்கலைக்கழகத் தலைவர் யோசித்துக்கொண்டு நிற்கிறார். மருத்துவமனையின் அறங்காவலர்களும் படத்தில் உண்டு.

கூட்டத்தில் கொந்தளிப்பு ஏற்பட்டது. சங்கத்தில் அவர் வகித்த தலைவர் பொறுப்பு பறிபோனது. ஹார்வர்டில் பாடம் நடத்தும் வாய்ப்பும் போனது. பழகியவர்கள் விலகிச் சென்றனர். நோயாளிகளை அனுப்பிய மருத்துவர்கள் நிறுத்திக்கொண்டனர். வருமானம் சரிந்தது.

அந்தப் படம் தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. சற்றுப் பொறுமையாகப் பேசியிருந்தால் கூட்டாளிகள் சிலராவது கூடவே நின்றிருப்பார்கள். காட்மனுக்கு நயமாகப் பேச வராது. வாழ்நாள் முழுவதும் அது அவருக்கு இடைஞ்சலாகவே இருந்தது. ஆயினும் நயமாகப் பேசிப் பார்த்த பத்து ஆண்டுகளில் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் வெடித்து ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். காட்மன் அங்கு விரைந்து சென்று காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். பின்னர் முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றினார். ஊர் திரும்பியபோது கடன் காத்திருந்தது.

இதற்கிடையே அவர் விதைத்தது வேறோர் இடத்தில் முளைத்திருந்தது. 1913ல் அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் கல்லூரி தொடங்கப்பட்டதில் காட்மனுக்குப் பங்கு உண்டு. மருத்துவமனைகளின் தரத்தை ஆராய அது அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவராக இருந்தார். நூறு படுக்கைகளுக்கு மேல் கொண்ட 692 மருத்துவமனைகளைக் கல்லூரி ஆய்வு செய்தது. மிக அடிப்படையான தரத்தை எட்டியவை 89 மட்டுமே. தேறாத பட்டியலில் நாட்டின் பெயர்பெற்ற மருத்துவமனைகள் சில இருந்தன. பத்திரிகைகள் கையில் பட்டியல் சிக்கிவிடும் என்று அஞ்சி, 1919ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் உலையில் அதை எரித்துவிட்டார்கள். பட்டியல் எரிந்தாலும் ஆய்வுகள் தொடர்ந்தன. மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் இன்றைய முறை அவற்றிலிருந்து வளர்ந்ததே.

சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் சேர்த்தவர்

1920ல் காட்மனிடம் எலும்புப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் வந்தார். இந்த நோயிலிருந்து யாராவது பிழைத்திருக்கிறார்களா, எந்தச் சிகிச்சையால் பிழைத்தார்கள் என்று அந்தக் குடும்பம் அறிய விரும்பியது. தேடுவதற்கான பணத்தையும் அவர்களே தந்தனர்.

காட்மனால் பதில் சொல்ல முடியவில்லை. எலும்புப் புற்றுநோய் அரிதானது. ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் தம் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளையே பார்ப்பார். அவரவர் பார்த்த மூன்று நான்கு பேரை வைத்துக்கொண்டு, கையை வெட்டுவதா, கதிர்வீச்சு தருவதா, சும்மா விடுவதா என்று முடிவெடுத்து வந்தார்கள்.

கல்லூரியின் உறுப்பினர்கள் அனைவருக்கும் காட்மன் கடிதம் அனுப்பினார். உங்களிடம் எலும்புப் புற்றுநோயாளி இருந்தால் அவருடைய மருத்துவக் குறிப்பு, எக்ஸ்ரே படம், நுண்ணோக்கியில் பார்க்கும் திசுத் துண்டு மூன்றையும் அனுப்புங்கள் என்று கேட்டார். பிறகும் ஆண்டுதோறும் அந்த நோயாளியின் நிலையைத் தெரிவிக்க வேண்டும். நியூயார்க்கின் ஜேம்ஸ் ஈவிங், பால்டிமோரின் ஜோசப் பிளட்குட் ஆகிய இரு பெரும் நிபுணர்கள் அவருடன் கைகோத்தனர். அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட நோய்க்காக நாடு தழுவி உருவாக்கப்பட்ட முதல் பதிவகம் இப்படித்தான் பிறந்தது.

உலகின் முதல் பதிவகம் என்று சொல்ல முடியாது. தொழுநோயாளிகளுக்காக நார்வே 1856லேயே தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டது. நோயாளிகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று அந்தப் பதிவேடு கணக்கெடுத்தது. காட்மன் அதற்கு மேலும் ஒரு கேள்வி கேட்டார்: எந்தச் சிகிச்சை பலித்தது?

கடிதங்கள் வந்து சேர்ந்ததும் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. ஒரே கட்டிக்கு ஒவ்வொரு நிபுணரும் ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார். புற்றுநோய் என்று அனுப்பப்பட்டவற்றில் சில புற்றுநோயே அல்ல. பெயரே ஒத்துப்போகாதபோது விளைவுகளை எப்படி ஒப்பிடுவது? ஆகவே, முதல் வேலையாக எலும்புக் கட்டிகளுக்குப் பொதுவான பெயர்களையும் வகைப்பாட்டையும் மூவரும் உருவாக்கினர். 1925ல் அதை விளக்கிக் காட்மன் நூல் எழுதினார். எக்ஸ்ரேயில் எலும்பின் மேலுறை கட்டியால் தூக்கப்பட்டு முக்கோணமாகத் தெரிவதை மருத்துவர்கள் இன்றும் காட்மன் முக்கோணம் என்றே அழைக்கிறார்கள்.

பதிவகத்தால் எலும்புப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிடவில்லை. ஐந்தாண்டு தாண்டி வாழ்ந்தவர்கள் மிகக் குறைவு என்ற கசப்பான உண்மைதான் முதலில் வெளிவந்தது. எனினும், ஒருவர் பிழைத்ததாகச் சொன்னால் அவருக்கு உண்மையிலேயே அந்த நோய்தான் இருந்ததா என்று சரிபார்க்க முதன்முறையாக வழி பிறந்தது.

குடல் செயலிழந்தவர்களின் கணக்கு

காட்மனின் கேள்வி இன்று எங்கெல்லாம் கேட்கப்படுகிறது என்று பார்த்தால், அவர் கற்பனைகூடச் செய்திராத இடத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

சிலருக்குக் குடல் முறுக்கிக்கொள்கிறது. சிலருக்குக் குடலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது. வேறு சிலருக்குக் குரோன் நோய் வந்து பலமுறை குடலை வெட்ட நேர்கிறது. மிச்சமிருக்கும் சிறுகுடல் போதாமல், சாப்பிட்டாலும் உடலில் சத்து சேராது. இதை நாள்பட்ட குடல் செயலிழப்பு என்பார்கள். இவர்கள் ரத்தநாளத்தில் பொருத்திய குழாய் வழியாக, பெரும்பாலும் இரவு நேரத்தில், வீட்டிலேயே ஊட்டச்சத்துத் திரவத்தை ஏற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். குழாய் வழியே கிருமி புகலாம், கல்லீரல் கெடலாம். மற்றொரு வழி, இறந்தவர் தானமாகத் தந்த குடலைப் பொருத்துவது.

எது நல்லது? எலும்புப் புற்றுநோயில் இருந்த அதே இடர்ப்பாடு இங்கும் உண்டு. எந்த ஒரு மருத்துவமனையிலும் முடிவு சொல்லும் அளவுக்கு நோயாளிகள் இல்லை. அதனால் 1985ல் அனைத்துலகக் குடல் மாற்றுப் பதிவகம் தொடங்கப்பட்டது. 2015ல் வெளியான அதன் அறிக்கையில் 82 மையங்களில் 2,699 பேருக்குச் செய்யப்பட்ட 2,887 மாற்று அறுவை சிகிச்சைகள் இடம்பெற்றன. ஓராண்டு வாழ்ந்தவர்கள் 76 விழுக்காடு, ஐந்தாண்டு 56, பத்தாண்டு 43. மருத்துவமனையில் படுத்தபடி காத்திருந்தவர்களைவிட, வீட்டில் இருந்தபடி காத்திருந்தவர்களுக்குப் பொருத்திய குடல் நன்றாக நிலைத்தது. முதலாண்டைத் தாண்டிய பிறகு குடல் கெட்டுப்போகும் விகிதம் பல ஆண்டுகளாகியும் குறையவில்லை என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை.

வீட்டில் ஊட்டம் பெறும் நோயாளிகளை ஐரோப்பிய மருத்துவர்கள் 2004லிருந்து தனியாகத் தொடர்ந்து கவனித்தனர். மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேவையில்லாத நிலையில் இருந்தவர்களில் 87 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தனர். ஊட்டக் குழாயால் கல்லீரல் செயலிழந்தவர்களுக்குத்தான் உயிர் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. புதிய குடல் பொருத்துவதே எல்லாருக்கும் நல்லது என்று நினைத்திருந்தால், நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த பலரை ஆபத்தான அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருப்பார்கள். காட்மனின் அட்டையில் காலியாக இருந்த அந்தக் கடைசி இடத்தை நிரப்பியதால்தான் இது தெரியவந்தது.

நம் வட்டாரத்திலும் பதிவகங்கள் பழையவைதான். சிங்கப்பூர் புற்றுநோய்ப் பதிவகம் 1968ல் செயல்படத் தொடங்கியது. அதை நிறுவியவர் நோயியல் நிபுணர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம். அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை. மலேசியாவில் சிறுநீரகச் சுத்திகரிப்பு, மாற்று அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கான பதிவகம் 1992ல் தொடங்கியது. பதிவகத்தில் வேலை பார்ப்பவர்களில் மருத்துவர்கள் மட்டும் இல்லை. தாதியரும் புள்ளியியல் படித்தவர்களும் கணினித் தரவு நிபுணர்களும் இருக்கிறார்கள். மருத்துவம் படிக்க இடம் கிடைக்காவிட்டாலும் நோயாளிகளுக்கு உதவும் துறையில் இருக்க விரும்பும் மாணவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

காட்மன் கடைசிக் காலத்தில் மீண்டும் தோள்மூட்டுக்குத் திரும்பினார். 1934ல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் தோளைப் பற்றியதுதான். ஆனால், அதன் நீண்ட முன்னுரையில் தம் வாழ்க்கையையும், ஹார்வர்டுடன் நடந்த சண்டையையும், இறுதி விளைவு எண்ணத்தையும் அவர் எழுதினார். தோள் வலிக்கு மருந்து தேடி நூலைத் திறந்த மருத்துவர்கள் திகைத்திருப்பார்கள். அவருடைய மனைவி கேதரின், ஹார்வர்டுடன் தொடர்புடைய பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஊரையே பகைத்துக்கொண்ட ஆண்டுகளிலும் உடன் நின்றார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

1940 நவம்பர் 23ஆம் தேதி, தோல் புற்றுநோயால் காட்மன் காலமானார். வயது 70. பாஸ்டனுக்கு அருகிலுள்ள மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில், மனைவி குடும்பத்தாருக்குச் சொந்தமான நிலத்தில் அவரை அடக்கம் செய்தனர். 70 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் அவர் பெயர் பொறித்த கல் இல்லை. 2014ல் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒன்றை நட்டன. ஒரு காலத்தில் அவர் சண்டையிட்டு வெளியேறிய மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, இப்போது தன் சிகிச்சை விளைவுகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது.